போவது தண்ணீர் மட்டும்தான்

"கோட்டப் பாரு, கோட்டப் பாரு."

"பாத்துக்கிட்டேதாங்க ஊத்தறேன்."

"மேல போயிடப் போகுது."

"போனா என்ன, குடியா முழுகிடும்?"

"உப்பு குறைஞ்சிடும்."

"யாருக்கு? உங்களுக்குன்னா நல்லதுதானே."

தலையணைக்கு மேல் தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் இரைப்பாக மாறி, இரைப்பு ஓய்ந்து, கடைசியில் ஒரு கையசைப்பில் வந்து நின்றது. போதும், நிறுத்து. அவள் குவளையை நிமிர்த்தினாள். கை நடுங்காத காலத்தில் மீன்தொட்டியின் கண்ணாடியில் அவர் கறுப்பு மையால் இழுத்திருந்த கோட்டில் தண்ணீர் வந்து நின்றது. கோட்டுக்கு மேலே விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு. தினமும் ஈரத்துணியால் துடைப்பாள். மறுநாள் காலையில் மறுபடி பூத்திருக்கும். வீட்டுவேலைக்கு முடிவு கண்டவர் யார்?

தொட்டிக்கு ஊற்றிய பிறகுதான் அவருக்கு. அரை டம்ளர். அதில் ஆறு மாத்திரை விழுங்கவேண்டும். இரண்டு கிட்னியும் கைவிட்ட உடம்பு. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்குமேல் ஒரு மடக்குக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. டீயும் அதில் அடக்கம், மாத்திரைத் தண்ணீரும் அதில் அடக்கம். தொட்டிக்கோ ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்.

"கேக்காமலே ரெண்டு லிட்டர் குடிக்குது பாரு. கொடுத்து வெச்ச ஜென்மம்," என்பார், அரை டம்ளரை வாய்க்குள் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி, விழுங்க மனமில்லாமல் விழுங்கிக்கொண்டே.

"என் சக்களத்திக்கு என்ன குறைச்சல்," என்பாள் அவள்.

சக்களத்தி என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு என்றாலும் முழுக்க விளையாட்டில்லை. கூடத்தில் இருந்த தொட்டியை, அவர் படுத்தபிறகு, கட்டிலுக்கு நேரே சுவரோரமாக நகர்த்தி வைத்தவள் அவள்தான். உள்ளே இருந்தது கடல் தண்ணீர். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். தட்டு அகலத்துக்கு விரிந்து ஆடும் ஒரு கடல்சாமந்தி. பூ என்றால் பூவில்லை, பிராணி. அப்புறம் சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறால். மீன்களின் மேலே ஏறி அழுக்கைக் கொத்தித் தின்பது அதற்குப் பிழைப்பு. அவர் கையை உள்ளே விட்டால் நகக்கண்ணையெல்லாம் கொத்திச் சுத்தம் செய்யும். 'டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். ஊசி போடாத ஒரே டாக்டர்.

அவர் வேலை பார்த்தது நகரத் தண்ணீர் இலாகாவில். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை, முப்பத்தோரு வருஷம். அக்கம்பக்கத்தில் அவருக்கு இன்னமும் பெயர் மீட்டர்தான். தொட்டிப் பொறுப்பு அவள் கைக்கு வந்த முதல் வாரம், கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்றவேண்டும் என்று உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டாள். அன்றைக்கு அவர் தலையில் அடித்துக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"ஏம்மா, காத்துல போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்க போகும்? அது அங்கயேதான் உக்காந்திருக்கும். போனத மட்டும்தான் திருப்பி வைக்கணும். நல்ல தண்ணி. சுத்தமான வெறும் தண்ணி."

"அப்ப குழாயத் தொறந்து புடிக்கறேன்."

"அந்தக் குழாய் எந்தெந்த சந்துக்குள்ள பூந்து வருதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா நீ பல்லுகூட வெளக்க மாட்ட."

"காய்ச்சி ஆற வெச்சு?"

"காய்ச்சினா கிருமி சாகும். மத்ததெல்லாம் கெட்டியாகும்."

பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருந்தார். தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். குழாய்த் தண்ணீருக்கு முந்நூற்று நாற்பது. கடையில் வாங்கும் குடிதண்ணீருக்கு எண்பது. பத்துக்குள் இருந்தால்தான் தொட்டிக்கு ஊற்றலாம் என்பது அவர் போட்ட சட்டம். சுத்தத் தண்ணீர் விற்கிற மீன்கடை இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரெல்லாம் தேடி அலைந்த தண்ணீர் கடைசியில் கிடைத்தது அவர் போய்ப் படுக்கிற இடத்திலேயேதான். டயாலிசிஸ் மையத்தில்.

திங்கள், புதன், வெள்ளி. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ரத்தத்தை வெளியே எடுத்து, சலித்து, திருப்பி உள்ளே விடுகிற அந்த மெஷினுக்கு ஓடுகிற தண்ணீரைத் தயார் செய்ய ஒரு தனி அறையே உண்டு. அதற்குப் பொறுப்பு ஒரு டெக்னீஷியன், நாற்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. காலையில் தண்ணீரைச் சோதிப்பதற்கு முன் குழாயைத் திறந்து சற்று நேரம் ஓடவிட வேண்டுமாம். அது சாக்கடைக்குத்தான் போகும். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "சாக்கடைக்குப் போறத மீனுக்குக் குடுக்கறதுல என்னக்கா," என்று சொல்லி, அவளுடைய ஐந்து லிட்டர் கேனை நிரப்பிக் கொடுத்தான். "மீனும் இவங்களும் ஒண்ணுதான். குளோரின் தப்பி வந்துட்டா ரெண்டு பேருமே தாங்க மாட்டாங்க." பேனா மீட்டர் அந்தத் தண்ணீருக்கு இரண்டு என்று காட்டியது. அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ரெண்டு! சர்வீஸ்ல இப்படி ஒரு தண்ணிய நான் பாத்ததே இல்ல."

அன்றிலிருந்து கேன் இல்லாமல் அவர் மாடிப்படி இறங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, ஒரே வசனத்தைச் சொல்வார். "நான் எனக்காகவா வர்றேன்? கேன் ரொப்பணும். அதுக்காக வர்றேன்." முதல் வருஷம் அவள் சிரித்தாள். இரண்டாம் வருஷம் சும்மா இருந்தாள். மூன்றாம் வருஷத்தில் ஒருநாள், ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்த நர்சிடம் அவர், "ஏம்மா, இத வேணாம்னு நிறுத்தறவங்க இருக்காங்களா? நிறுத்தினா எத்தன நாளு?" என்று, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டார். திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவள் காதில் அது விழுந்தது. அதற்குப்பிறகு கேன் வசனத்தை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை மையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரியில். துணி வெளுக்க வருகிறவர்களின் உடுப்பைப் பிடித்துக் கொடுக்கிற, பிரித்துக் கொடுக்கிற தையல். அவரை மெஷினில் ஏற்றிவிட்டு ஓடிப்போய் மூன்று மணி நேரம் தைத்துவிட்டு, இறக்குகிற நேரத்துக்கு ஓடிவருவாள். அவருடைய கால்சட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள் தைத்து வைத்திருந்தாள். போகும்போது தண்ணீர் கோத்த இடுப்புக்கு வெளிக்கொக்கி. திரும்பும்போது இரண்டு கிலோ, மூன்று கிலோ இறங்கியிருக்கும், உள்கொக்கி. அவர் எடை என்ன என்று நர்சு சொல்வதற்கு முன்னால் கொக்கி சொல்லிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான், ஒரு திங்கட்கிழமை, டெக்னீஷியன் கேனை வாங்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இனிமே முடியாது போலிருக்கு."

"ஏன் தம்பி, தண்ணி தட்டுப்பாடா?"

"அதெல்லாம் இல்ல. புது மேனேஜர் அம்மா கேனப் பாத்துட்டாங்க. சாக்கடைக்குப் போனாலும் போகட்டும், வாசப்படி தாண்டக் கூடாதுன்னுட்டாங்க. அவங்க சொல்றதும் சரிதான். நாளைக்கு ஒருத்தர் குடிச்சிட்டு வயித்த வலிக்குதுன்னா?"

அவள் காலிக் கேனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தது தெரிந்தது.

"சரி தம்பி. ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

பக்குவம் எங்கே வந்தது? லாண்டரிக்குப் போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். யாரோ ஒருவருடைய கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டே, சொன்னால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்த்தாள். 'கேன் இல்லையா? அப்ப விட்டுடு. தொட்டிய யாருக்காவது குடுத்துடு. நானும் வரல.' அவர் குரலிலேயே கேட்டது. பின்னாலேயே ஸ்டீம் இஸ்திரி புஸ் புஸ் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

"அண்ணே, அது என்ன தண்ணி?"

"ஆவி குளுந்து சொட்டறது. பைப்புல வந்து வாளில விழும். ஏன்?"

"ஆவின்னா... காய்ச்சி வடிச்ச தண்ணியா?"

"ஆமா. பேட்டரிக்கு ஊத்தலாம், அவ்வளவு சுத்தம். உனக்கு எதுக்கு, பஸ் வாங்கியிருக்கியா?"

"தொட்டிக்கு அண்ணே."

"மீன் பேட்டரில ஓடுதா?"

அவள் கைப்பையிலிருந்து பேனா மீட்டரை எடுத்து வாளியில் முக்கினாள். மூன்று. கடவுளே, மூன்று! உட்கார்ந்த இடத்திலேயே, உழைக்கிற கடையிலேயே, இத்தனை நாள் கொல்லைப்பக்கம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு அவளுக்குத் தன்னைப் பற்றியே சற்றுப் பெருமையாக இருந்தது. கேனை நிரப்பிக்கொண்டு போனாள். அன்றைக்கு உள்கொக்கியில் நின்ற அவர், "ரொப்பியாச்சா?" என்றார். "ஆச்சு," என்றாள். அது பொய்யில்லை.

மூன்று வாரம் ஓடியது. மூன்றாம் வாரத்தில் சாமந்தி சரியாக விரியவில்லை. அவர் விளக்கைக் குறை சொன்னார். அவள் வெயிலைக் குறை சொன்னாள்.

நாலாவது வாரம் புதன்கிழமை காலை, தண்ணீர் ஊற்ற மூடியைத் திறந்தபோது, பாறைக்கு அடியில் டாக்டர் ஒருக்களித்துக் கிடந்தது.

"சட்டைய கழட்டிப் போட்டிருக்குங்க," என்றாள் அவள் அவசரமாக. அது மாதத்துக்கு ஒரு தடவை அப்படிச் செய்யும்; தோலை மட்டும் உரித்துப் போட்டுவிட்டு வேறு மூலையில் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்து அவள் ஒப்பாரி வைக்காத குறை.

"கிட்ட கொண்டா."

வடிகரண்டியில் எடுத்துப் போய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சட்டை இல்லம்மா. ஆளே போயிட்டான்."

சாமந்தி மூடிய கைமுஷ்டி மாதிரி சுருங்கிக் கிடந்தது. மீன் இரண்டும் அதற்குள் நுழைய இடமில்லாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"கேன்ல இருக்கறது எந்தத் தண்ணி?" என்றார் அவர்.

"எந்தத் தண்ணின்னா?"

"சென்டர் தண்ணிதானே?"

உண்மையைச் சொல்ல ஊசிக்காது அளவுக்கு ஒரு வழி அங்கே இருந்தது. நூலைக் கையில் வைத்துக்கொண்டே அவள் தவறவிட்டாள். "ஆமா," என்றாள்.

"அப்ப அவங்க தண்ணியிலதான் ஏதோ வந்திருக்கு. மீன் நிக்குது. இறாலும் சாமந்தியும்தான் மொதல்ல விழும். மீட்டருக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு." தலையணையில் சாய்ந்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் போனதுக்கே இவன் காலி. எனக்கு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல ரத்தத்துக்குப் பக்கத்துல ஓடுது. கணக்குப் போட்டுப் பாரு."

"என்னங்க பேசறீங்க? அவங்க தினமும் சோதிக்கறாங்க."

"நாங்களும்தான் தினமும் சோதிச்சோம். இலாகாவுல இருந்தவன்கிட்ட சொல்றியா?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னைக்கு நான் வரல. அவங்க தண்ணி என்னன்னு தெரியற வரைக்கும் வரல."

கெஞ்சிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். பதினோரு மணிக்கு மையத்திலிருந்து போன் வந்தது. "சொல்லு, உங்க தண்ணி சரியில்லன்னு சொல்லு," என்றார் அவர் சுவரைப் பார்த்தபடியே. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போய், "லேசா காய்ச்சல்," என்றாள். "வெள்ளிக்கிழமையும் வரலன்னா ஆபத்தும்மா, தெரியுமில்ல?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். தெரியாமல் என்ன? திங்களிலிருந்து வெள்ளி வரை என்றால் நாலு நாள்.

வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலில் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மீன்கடைக்குப் போனாள். கடைக்காரி பருத்த உடம்பு, ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை நனைந்த சட்டைக்கை. யாரிடமும் தேன் ஒழுகப் பேசத் தெரியாது.

"என்ன தண்ணிம்மா இது?"

"காய்ச்சி வடிச்சது. லாண்டரில ஸ்டீம் இஸ்திரி இருக்கில்ல, அதோட ஆவி."

"ஆவி எது வழியா வருது?"

"பைப்பு வழியா."

"என்ன பைப்பு?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். இஸ்திரி மேஜைக்குப் பின்னால், சுவரோரம், வளைந்து வளைந்து இறங்குகிற மெல்லிசுப் பைப்பு. பழுப்புச் சிவப்பு. மூட்டு மூட்டாகப் பச்சைக் களிம்பு.

"செம்பு," என்றாள்.

கடைக்காரி பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழலில் விட்டு, மருந்து சொட்டு சொட்டாக விட்டாள். தண்ணீர் நீலம் பாரித்தது.

"மனுஷனுக்கு இந்த அளவு செம்பு தூசு. மீனும் தாங்கும். இறாலுக்கும் சாமந்திக்கும் இது வெஷம். உன் பேனா மீட்டர் இருக்கே, அது எத்தன பேர் வந்திருக்காங்கன்னுதான் சொல்லும். வந்தவன் திருடனா, நல்லவனான்னு அதுக்குத் தெரியாது." கறுப்புக் கரி நிரப்பிய ஒரு துணிப்பையை எடுத்து மேஜையில் வைத்தாள். "இத ஃபில்டர்ல போடு. தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா மாத்து. ஒரே நாள்ல மாத்திடாத, செத்துடும். வாரத்துக்கு மூணு தடவ, நிதானமா."

"வாரத்துக்கு மூணு தடவையா," என்றாள் அவள். சிரிப்பு வந்தது. கடையில் நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நின்றபோது கண்ணெல்லாம் ஈரம். கடைக்காரி ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். கிளம்பும்போது அந்தச் சொட்டு மருந்தையும் இரண்டு கண்ணாடிக் குழல்களையும் கேட்டாள். "கொண்டுபோய்ட்டுத் திருப்பிக் குடு. ஒடைச்சிடாத," என்றாள் கடைக்காரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவருடைய கணுக்காலில் விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது; விழுந்த பள்ளம் எழும்பவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் அம்மாவிலிருந்து செம்புப் பைப்பு வரை, ஒன்று விடாமல். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "கதை நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"கதை இல்லங்க."

"என்னைக் கெளப்பறதுக்கு நீ எத வேணா சொல்லுவ. போன வருஷம் நம்ம பொண்ணு வர்றா, ஏர்போர்ட்லேருந்து நேரா சென்டருக்கே வர்றான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போன. வந்தாளா?"

"ஃப்ளைட்டு ரத்தாயிடுச்சுன்னு..."

"ஆமா. ரத்தாயிடுச்சு."

பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போன நாட்களெல்லாம் வரிசையாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. ஒவ்வொன்றும் அவர் நல்லதுக்குத்தான். இப்போது உண்மை ஒன்றைச் சொல்ல வந்தால் உட்கார அதற்கு இடமில்லை. கரிப்பையை ஃபில்டரில் போட்டாள். தொட்டியில் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. ஊற்றுவதற்கு வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மையத்தின் பின்வாசலில் நின்றாள். டெக்னீஷியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான்.

"கேன் வேணாங்கறீங்க. அப்ப எவ்வளவு?"

"ஒரு மருந்து பாட்டில் அளவு. அவர் நம்பணும், அவ்வளவுதான்."

"நான் போன் பண்ணி சொல்லட்டுமா?"

"நான்தான் உங்கள அப்படிச் சொல்ல வெச்சேன்னு சொல்லுவார்."

அவன் யோசித்தான். அறைக்குள் போய், லேபுக்கு அனுப்புகிற சின்ன பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்து மூடி, அதன்மேல் வெள்ளை நாடா ஒட்டி, வழக்கமாக எழுதுவதையெல்லாம் எழுதினான். தேதி, மணி, எந்தக் குழாய், குளோரின் இல்லை. கீழே கையெழுத்து. "மேனேஜர் அம்மா கேட்டா சாம்பிள்னு சொல்லிடறேன். சாம்பிள்தானே," என்றான்.

வீட்டில் அவர் உட்கார்ந்தே தூங்கியிருந்தார்; படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு இரண்டு குழல்களையும் வைத்தாள்.

"என்னது?"

"ஒண்ணு நம்ம கேன்ல இருக்கறது. ஒண்ணு இன்னைக்குக் காலைல சென்டர்ல புடிச்சது. நீங்களே பாருங்க. நான் தொடல."

"சென்டர்ல புடிச்சதுன்னு நீ சொல்ற."

அவள் பாட்டிலை நீட்டினாள். அவர் அலட்சியமாக வாங்கினார். பிறகு கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். நாடாவில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை, உதடு அசையப் படித்தார். கையெழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மை பரவவில்லை.

"ஏழு நாப்பது. ரெண்டாம் குழாய்," என்றார். "ரீடிங் எடுத்தவன் கையெழுத்து இருக்கு."

முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் சொல்லைவிட நாடாவில் இருந்த ஒரு கிறுக்கல் அவருக்குப் பெரிதாக இருந்தது. இருக்கட்டும். அதைப் பற்றி வருத்தப்பட இன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை.

நடுங்கும் கையாலேயே சொட்டு விட்டார். கேன் தண்ணீர் சற்று நேரத்தில் நீலமாயிற்று. இன்னொன்று அப்படியே நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவர் இரண்டு குழல்களையும் தொட்டி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"கேன் இல்லன்னா வர மாட்டீங்கன்னு."

"நான் கேனுக்காகத்தான் வர்றேன்னு நெசமாவே நம்பிட்டியா?"

"நீங்கதானே சொன்னீங்க. மூணு வருஷமா."

அவர் குழல்களை முக்காலியில் வைத்தார். ஒன்று உருளப் பார்த்தது. அவள் கையை அணையாகக் கொடுத்தாள்.

"மணி என்ன?"

"பத்து."

"கால்சட்டைய எடு."

எழுந்து நின்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வெளிக்கொக்கி எட்டவில்லை. வயிற்றை உள்ளிழுக்கச் சொன்னாள், இழுக்க மூச்சில்லை. நாலு விரல் இடைவெளி. தைக்கிறவளுக்குப் பார்த்தாலே அளவு தெரியும், ஆனாலும் விரல் வைத்து அளந்தாள். பெட்டியிலிருந்து பிரிக்கிற கத்தியை எடுத்து, அவருக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தன் கையால் போட்ட தையலைத் தானே ஒவ்வொன்றாக அறுத்தாள். நூல் துணுக்குகள் அவருடைய வீங்கிய பாதத்தின் மேல் விழுந்தன. மேலே அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரிந்தது. சாமந்தி இன்னும் முஷ்டியாகவே இருந்தது.

"தண்ணி கோட்டவிட்டு ரொம்ப எறங்கிடுச்சு," என்றார்.

"ம்."

இடுப்பைத் துணி நாடாவால் கட்டிவிட்டு, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அவர் முழங்கையுமாகக் கதவைப் பூட்டியபோதுதான் பார்த்தாள். அவருடைய மறுகையில் கேன் இருந்தது. அந்தச் செம்புத் தண்ணீரை எப்போது கொட்டினார், எப்போது அலசினார் என்று தெரியவில்லை. மூடி திறந்து தலைகீழாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இனி இது எதற்கு? ஒரு படி. இன்னொரு படி. காலிக் கேன் கைப்பிடிக் கம்பியில் ஒவ்வொரு படிக்கும் டொக், டொக் என்று இடித்துக்கொண்டே வந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. அவர் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். அவள் காத்திருந்தாள். வழக்கமான வசனம் வரவில்லை. கேனிலிருந்து கடைசிச் சொட்டு ஒன்று படியில் விழுந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயத் தொடங்கியது.